ஆவரந்துறை யாப்பின் ஏழாம் பிரிவு

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டில் ஸ்காபரோவில் பனியைவிட ஊர்ச்சங்கங்கள்தான் அதிகமாகக் கொட்டிக் கிடந்தன. ஏதாவதொரு பிளாசாக் கடைத்தொகுதியின் நடுவில் நின்று "தலைவர்!" என்று கூப்பிட்டால் நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அதில் முப்பத்தைந்து பேர் பதிலுரையும் ஆற்றுவார்கள். ஆனால் யாப்பு, அதாவது சங்கத்தின் சட்டதிட்டம், என்று சொல்லத்தக்க யாப்பு எங்கள் ஆவரந்துறை மக்கள் சங்கத்திடம் மட்டும்தான் இருந்தது. அதை எழுதியவன் நான் என்பதற்காக இப்படிச் சொல்லவில்லை. எழுதியவன் நான் என்பதால் எனக்குத் தெரியும் என்றுதான் சொல்கிறேன்.

கொழும்பில் சட்டம் வரையும் கந்தோரில் தட்டெழுத்தாளனாக இருந்தவன், ரொறன்ரோவில் கதவுப்பிடி செய்யும் ஃபக்டரியில் ஓய்வு பெற்றவன். இந்த இரண்டும் ஒரே மனிதனில் சேர்வது ஆயிரம் வருடத்துக்கு ஒருமுறை நடக்கிற காரியம். ஆகவே சங்கம் தொடங்கியபோது "சீமோன் அண்ணை, நீங்களே எழுதுங்கோ" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். நான் எழுதிய யாப்பை அமெரிக்காக்காரன் பார்த்திருந்தால் தன்னுடையதைக் கிழித்துப் போட்டிருப்பான்.

அதில் உயிர்நாடி ஏழாம் பிரிவு. ஆவரந்துறை முல்லைத்தீவுப் பக்கத்துக் கடற்கரைக் கிராமம். பாதி ஊர் இங்கே வந்துவிட்டது, மீதிப் பாதி அங்கேயே இருந்தது. காசு எங்களிடம், ஊர் அவர்களிடம். காசு இருக்கிறவன் ஊரைக் கேட்காமல் ஊருக்கு நல்லது செய்யத் தொடங்கினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதினேன்: ஊரில் இருக்கும் ஒருவர் சங்கத்தின் தாய்த் தலைவர். யாப்பில் ஒரு சொல்லை மாற்றுவதானாலும் அவருடைய சம்மதம் அவர் வாயாலேயே, கூட்டம் கேட்கத்தக்கதாக வரவேண்டும். அவர் இறந்தாலோ தானாக விலகினாலோ அன்றி அந்தப் பதவி வெற்றிடமாகாது. ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் அவருக்குத் தொலைபேசி எடுக்கப்பட வேண்டும்.

தாய்த் தலைவர் நீக்கிலாப்பிள்ளை, சொந்த வலையும் வள்ளமும் வைத்து ஆட்களைக் கொண்டு தொழில் நடத்தும் கரைவலைச் சம்மாட்டி. அவருக்குத் தொலைபேசியே தேவையில்லை. ஆவரந்துறைக் கரையில் நின்று கத்தினால் இங்கே ஸ்காபரோ மோர்னிங்சைட்டில் கண்ணாடி அதிரும். இருந்தாலும் சங்கம் ஒரு கம்பியில்லாத் தொலைபேசியும், அதற்கு மின்சாரம் கொடுக்கக் கூரையில் ஒரு சூரியத் தகடும் வாங்கிக் கொடுத்தது. பிளாசாவின் மேல்மாடியில், கீழே கொத்துரொட்டிக் கடை தகரம் தட்டிக்கொண்டிருக்க, ஞாயிறு காலைப் பூசை முடிந்து நாங்கள் கூடுவோம். அங்கே அப்போது இருட்டுப்படும் நேரம். செயலாளர் எட்வேட் ஸ்பீக்கரைப் போட்டு இலக்கத்தை அழுத்துவான். மணி இரண்டு தரம் அடிப்பதற்குள் நீக்கிலாப்பிள்ளை எடுப்பார். நாங்கள் கேட்பதைக் கேட்டுவிட்டு "ஓம், செய்யுங்கோ" என்பார். பெரும்பாலும் "வேண்டாம்" என்பார். மாதா கோயில் வாசலில் 'ரொறன்ரோ மக்களின் அன்பளிப்பு' என்று வளைவு கட்டக் கேட்டபோது அவர் சொன்னதை இங்கே எழுதமுடியாது.

அந்த வருடம் தை மாதத்தில் எட்வேட் இலக்கத்தை அழுத்தினான். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

சண்டை நெருங்கி ஊர் முழுக்க எழும்பி ஓடிவிட்டது என்று அதற்குள் எங்களுக்குத் தெரியும். இலக்கம் செத்திருந்தால் விட்டிருப்போம். மற்ற ஊர்ச்சங்கங்களின் இலக்கங்களெல்லாம் அந்த மாதமே செத்துவிட்டன. எங்களுடையது சாகவில்லை. ஆளில்லாத வீட்டில், ஆளில்லாத ஊரில், வெயில் அந்தத் தகட்டுக்குச் சாப்பாடு கொடுத்துக்கொண்டே இருந்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கூட்டம் வைத்தோம். அலுவல் ஒன்றுமில்லை. தொலைபேசி எடுப்பதுதான் அலுவல். மணி அடிக்கும்போது மண்டபத்தில் மூச்சு விடமாட்டார்கள். கீழே கொத்துக் கடைக்காரன்கூட எங்களுக்காகத் தகரத்தை நிறுத்தினான் என்று சொல்வேன், நீங்கள் நம்பாவிட்டால் விடுங்கள். ஒரு மணிச்சத்தத்துக்கும் அடுத்ததற்கும் நடுவிலுள்ள அமைதியில் ஆளாளுக்கு ஒன்று கேட்டது. எட்வேட்டுக்கு அலை. இங்குள்ள தலைவர் அமிர்தநாதர் மாஸ்ரருக்குக் கோயில் மணி. எனக்கு நீக்கிலாப்பிள்ளை மூக்குச் சிந்துவது கேட்டது. மாதா சத்தியமாக.

முன்வரிசையில் செலீன் இருப்பாள். நீக்கிலாப்பிள்ளையின் மனைவி. மகளின் பிள்ளைப்பேற்றுக்கு உதவியாக இங்கே வந்திருந்தபோது அங்கே பாதை பூட்டப்பட்டது, திரும்பிப் போகமுடியவில்லை. அவளுக்கு என்ன கேட்டதென்று அவள் சொன்னதில்லை. மணி ஓய்ந்ததும் எழும்பி எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றுவாள்.

வைகாசியில் சண்டை முடிந்தது. எப்படி முடிந்ததென்று எல்லாருக்கும் தெரியும், நான் எழுதத் தேவையில்லை. அந்த ஞாயிறும் எட்வேட் அழுத்தினான். அப்போதும் மணி அடித்தது. அன்றைக்குத்தான் எனக்கு முதன்முதலாக அந்தச் சத்தத்தில் பயம் பிடித்தது.

ஒன்றியம் வந்தது அதன் பிறகு. வன்னிக்கரை ஊர்களின் சங்கங்களெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கரையோர ஊர்களின் ஒன்றியம் என்று ஒன்றை அமைத்தன. தலைவர் சச்சிதானந்தன், ஓய்வுபெற்ற எஞ்சினியர், பக்கத்துக் கிராமத்துக்காரர். நல்ல மனிதர், சிரிப்பை மட்டும் ஊரில் விட்டுவிட்டு வந்தவர். ஒன்றியம் ஒட்டாவாவுக்குப் போய், முகாம்களில் இருக்கிறவர்களையும் காணாமல் போனவர்களையும் பற்றிக் கேட்கப்போகிறது. கனடா அரசு இலங்கை அரசிடம் கேட்கும், செஞ்சிலுவை தேடும். ஆனால் ஒன்றியத்தில் சேர்ந்த ஊர்களின் ஆட்களைப் பற்றி மட்டும்தான் ஒன்றியம் வாய் திறக்கும்.

"சேருறது லேசு, மாஸ்ரர்," என்றார் சச்சிதானந்தன், அமிர்தநாதரிடம். "ஒரேயொரு நிபந்தனை. ஒன்றியத்தின்ர யாப்புத்தான் மேல். கனடாவுக்கு வெளியில இருக்கிற ஒருத்தர் 'வேண்டாம்' எண்டு மறிக்கக்கூடிய பிரிவு ஒண்டும் அங்கத்துவச் சங்கத்தில இருக்கக்கூடாது. ஒட்டாவாவில முதல் கேள்வியே, உங்களை ஆர் நடத்துறது எண்டுதான். வன்னியில இருக்கிற ஒருத்தர் எண்டு சொல்லிப்போட்டு உள்ளுக்குப் போகேலுமோ? இயக்கம் எண்டு சந்தேகப்படுவினம்."

நியாயம்தான். ஏழாம் பிரிவை எடுக்கவேண்டும். எடுப்பதற்கு நீக்கிலாப்பிள்ளையின் சம்மதம் வேண்டும். நீக்கிலாப்பிள்ளையைக் காணவில்லை. அவர் இல்லாமல் எடுப்பதானால் பதவி வெற்றிடம் என்று தீர்மானிக்க வேண்டும். அவர் விலகவில்லை. ஆகவே இறந்துவிட்டார் என்று கூட்டம் கை தூக்கவேண்டும். அதாவது, அவரைத் தேடச் சொல்லிக் கேட்பதற்கு முதலில் அவரைச் சாகடிக்க வேண்டும்.

இவ்வளவு இறுக்கமான முடிச்சை என்னைத் தவிர உலகத்தில் வேறு எவன் கட்டியிருப்பான்? நான் பெருமைப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல் மூன்று நாள் சாப்பிடவில்லை. சரி, இரவுச் சாப்பாடு மட்டும் சாப்பிடவில்லை.

ஸ்காபரோ நூலகத்தில் போய் இருந்தேன். ஐரோப்பாவில் இருபத்தேழு நாடுகள் ஒரு ஒன்றியத்தில் இருக்கின்றனவே, அவர்கள் யாப்புகளை என்ன செய்தார்கள் என்று பார்த்தேன். அடடா, என்ன கூத்து! பிரெஞ்சுக்காரன் ஒன்றிய உடன்படிக்கையை ஏற்பதற்கு முன்பு யாப்பைத் திருத்தினான். அயர்லாந்துக்காரன் பழையதைத் தொடாமல், ஒன்றியத்துக்காகச் செய்யவேண்டி வருவதை இந்த யாப்பு தடுக்காது என்று ஒரு வாசகத்தைப் பக்கத்தில் ஒட்டிவிட்டான். ஜேர்மன்காரனின் நீதிமன்றம் அந்தச் செவ்வாய்க்கிழமைதான் தீர்ப்புச் சொல்லியிருந்தது: புதிய உடன்படிக்கை சரி, ஆனால் எங்கள் யாப்பின் உயிரை யாரும் தொடமுடியாது. படித்துவிட்டு நூலகத்திலேயே கைதட்டிவிட்டேன். ஒரு சீனக் கிழவர் எழும்பி வேறு மேசைக்குப் போனார்.

ஆடி மாதத்து முதல் ஞாயிறு. சச்சிதானந்தனும் பார்வையாளராக வந்திருந்தார். நான் எழும்பி அயர்லாந்து வழியை விளக்கினேன். ஏழாம் பிரிவு அப்படியே நிற்கட்டும், பக்கத்தில் ஒரு வாசகம் ஒட்டுவோம் என்றேன்.

"அந்த வாசகத்தை ஒட்டுறதும் யாப்பை மாத்துறதுதானே, சீமோன் அண்ணை?" என்றான் எட்வேட். பிறம்ரனிலிருந்து லொறி ஓட்டுகிறவன், பின்னாலும் பார்க்கத் தெரிந்தவன். "அதுக்கும் நீக்கிலாப்பிள்ளை அண்ணை ஓம் எண்டு சொல்ல வேணும். உங்கட கதவைப் பூட்டிப்போட்டுத் திறப்பையும் உள்ளுக்க எறிஞ்சுபோட்டியள்."

மண்டபம் சிரித்தது. அரை வருடத்துக்குப் பிறகு அந்த மண்டபம் சிரித்தது, அதுவும் என்னைப் பார்த்து. எனக்கு அதுகூடப் பிடித்திருந்தது.

சச்சிதானந்தன் சிரிக்கவில்லை. "ஐயா, அயர்லாந்திட்ட அயர்லாந்து இருக்கு. உங்களிட்ட என்ன இருக்கு? ஒரு மணிச்சத்தம்."

சிரிப்பு நின்றது.

எட்வேட் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "நான் முன்மொழியிறன். தாய்த் தலைவர் பதவி வெற்றிடம். அக்கா, என்னை மன்னிக்க வேணும். அவரைத் தேடத்தான் கேக்கிறன். ஒட்டாவாவில பேர் சொல்லாட்டி ஆர் தேடுவினம்?"

எல்லாரும் செலீனைப் பார்த்தார்கள். அவளும் அங்கத்தவர். அவளுக்கும் ஒரு கை உண்டு.

"எட்வேட், நீ நல்லதுக்குத்தான் சொல்லுறாய்," என்றாள். "தேடவும் வேணும். நான் பேர் குடுக்காத இடமில்லை. ஆனா நான் கை தூக்கிப்போட்டு வீட்டை போய், அவர்ர படத்துக்கு முன்னால எந்த முகத்தோட நிக்கிறது? தூக்காட்டியும் அந்தப் படத்துக்கு முன்னாலதானே நிக்க வேணும். சீமோன் அண்ணை, நீங்கள் எழுதினதுதானே, சொல்லுங்கோ. நான் தூக்குறதோ விடுறதோ?"

எனக்கு மனப்பாடமான ஏழாம் பிரிவைத் தேடி யாப்பைப் புரட்டினேன். என்னைத் தெரிந்தவர்கள் இதைத்தான் நம்பமாட்டார்கள்.

"முதல்ல போன் அடியுங்கோ," என்றாள் அவள். "கூட்டம் தொடங்க அடிக்க வேணும். இண்டைக்கு இன்னும் அடிக்கேல்லை."

சண்டை பிடிக்கிற அவசரத்தில் மறந்துவிட்டோம். எட்வேட் ஸ்பீக்கரைப் போட்டு அழுத்தினான். மணி அடித்தது. ஓய்ந்தது. திரும்பவும் அடித்தது.

பிறகு நின்றது.

அறுந்து நின்ற சத்தமில்லை அது. யாரோ எடுத்த சத்தம். காற்று. காற்றுக்குள் ஒரு மூச்சு.

அமிர்தநாதர் சிலுவை போட்டார். எட்வேட் கதிரையோடு பின்னுக்குப் போனான். செலீன் எழும்பி மேசைக்கு வந்து குனிந்து, புருசனைக் கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டாள்:

"இஞ்சேருங்கோ?"

மூச்சு நின்றுவிட்டது. பிறகு ஒரு இளம் குரல், நடுங்கிக்கொண்டு, சிங்களத்தில் கேட்டது: "யாரது?"

ஆமிக்காரப் பொடியன். ஆவரந்துறைக் கரைக்கு நீர்கொழும்பிலிருந்து சிங்கள மீனவர்கள் பருவத்துக்கு வாடிக் குடிசை போட வருவார்கள். செலீன் அவர்களுக்குச் சோறு போட்டவள், அவளுக்குச் சிங்களம் ஓடும். எனக்கும் கொழும்புச் சிங்களம் உண்டு. மற்றவர்களுக்குப் பக்கத்தில் நின்று நான் மெல்லத் தமிழில் சொன்னேன். நான் ஒன்றும் கூட்டவில்லை. வாழ்க்கையில் ஒருமுறையாவது.

"அந்த வீட்டுக்காரி, தம்பி," என்றாள் அவள்.

"நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா, அம்மா?" என்று கேட்டான் அவன்.

யாரும் சிரிக்கவில்லை. அவன் சொன்னது இதுதான். இந்த வீட்டில் பேய் இருக்கிறது என்று அவர்களுடைய ஆட்கள் எல்லாரும் சொல்கிறார்கள். மற்ற நாட்களில் ஒன்றுமில்லை. ஞாயிறு இருட்டுப்படும்போது மட்டும் வீட்டுக்குள் எங்கேயோ மணி அடிக்கும். தேடினால் கிடைக்காது. குருநாகல் பொடியன் ஒருவனுக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் பக்கம் காவலுக்கு வர எவனும் சம்மதிப்பதில்லை. இன்றைக்கு இவன் முறை. பந்தயம் பிடித்து, துணிந்து கூரையைத் தாங்கும் வளையில் ஏறிப் பார்த்திருக்கிறான்.

அரை வருடமாக நாங்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டு இங்கே நடுங்கிக்கொண்டிருந்தோம். அங்கே அவர்கள் எங்களைக் கேட்டு நடுங்கிக்கொண்டிருந்தார்கள். பேய் என்றால் நாங்கள்தான். பிளாசா மேல்மாடியில், தேத்தண்ணியும் பற்றீசுமாக, நாங்கள் ஒரு சங்கமே பேய்.

"போன் எங்க இருந்தது, தம்பி?" என்று செலீன் கேட்டாள்.

கூரைக்குள், வளைக்கு மேலே, ஒரு பானைக்குள் என்றான். மழை படாமல் உடுக்கிற சாரத்தால் சுற்றி, தகட்டிலிருந்து வயரை இழுத்துப் பானைக்குள் விட்டிருக்கிறது.

"சாரம் என்ன நிறம்?"

வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னான். நீலம், கரையில் வெள்ளைக் கோடு.

"கதவு?"

உடைந்திருக்கவில்லை. அவர்கள் வந்தபோது கயிற்றால் கட்டியிருந்தது. ஆடு மாடு நுழையாமல் கட்டுகிற மாதிரி. அந்த முடிச்சை அவிழ்க்க முடியாமல் வெட்டித்தான் உள்ளே வந்தார்கள்.

செலீன் மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "வலைக்காரன் முடிச்சு," என்றாள், எங்களைப் பார்த்துத் தமிழில். "அவசரத்தில ஓடின மனிசன் உப்பிடிக் கட்டமாட்டான். ஆறுதலாக் கட்டிப்போட்டு, நடந்து போயிருக்கிறார்."

நாளைக்கு அதிகாரி வந்து வயரைக் கழற்றிவிடுவார் என்றான் அவன். தான் மறைத்தாலும் மற்றவர்கள் சொல்லிவிடுவார்கள். பிறகு தயங்கிக் கேட்டான்: வீட்டுக்காரரிடம் ஏதாவது சொல்லவேண்டுமா, வந்தால்?

"வந்தா, ஞாயிறு கூட்டம் நடக்குது எண்டு சொல்லு," என்றாள். "காய்ச்சல்காரப் பொடியனுக்குக் கொத்தமல்லி அவிச்சுக் குடுங்கோ. பின்வளவில மரவள்ளி நிக்கும், கிண்டித் தின்னுங்கோ."

இணைப்பு விட்டுப்போனது.

அதன்பிறகு நடந்ததை நான் எத்தனையோ விதமாகச் சொல்லியிருக்கிறேன்; ஒரு தடவை கூரை அதிர்ந்தது என்றுகூடச் சொன்னேன். உண்மையில் நடந்தது சின்ன விஷயம். சச்சிதானந்தன் எழும்பி வந்து, செலீனுக்குப் பக்கத்தில் நின்று, எட்வேட்டிடம் கேட்டார்:

"தம்பி, அந்த நம்பரை இன்னொருக்கா அடிக்கிறியோ? அங்க ஆரும் எடுக்கத் தேவையில்லை. மணியை மட்டும் கேப்பம்."

பிறகுதான் தெரிந்தது, அவருடைய தமக்கையும் பிள்ளைகளும் அந்தப் பக்கத்துக் கிராமத்தில் இருந்தவர்கள். அவர்கள் வீட்டுத் தொலைபேசி தை மாதத்தில் செத்தது. எட்வேட் அழுத்தினான். மணி அடித்தது. சச்சிதானந்தன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஓய்ந்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தன் பழைய எஞ்சினியர் குரலுக்குத் திரும்பினார்.

"உங்கட யாப்பில ஒரு எழுத்தையும் மாத்த வேண்டாம். ஒன்றியத்தின்ர யாப்பை மாத்துறம். ஆவரந்துறையின்ர ஏழாம் பிரிவு அந்தச் சங்கத்தின்ர சொந்தக் காரியங்களுக்கு மட்டும் எண்டு எங்கட பக்கத்தில எழுதுறன். ஒன்றியத்து அலுவல்ல அது மறிக்காது. ஆனா அந்தக் கதிரையில ஆர் இருக்கினம், ஆர் இல்லை எண்டு ஒன்றியம் கேக்காது."

"அயர்லாந்துக்கும் போன மாதம் இப்பிடித்தான் உத்தரவாதம் குடுத்தவங்கள்!" என்று நான் துள்ளினேன்.

"நீங்கள் இருங்கோ, ஐயா," என்றார் சச்சிதானந்தன்.

யாப்பை மாற்றாமல் சேர்வதற்குச் சாதாரண வாக்கெடுப்புப் போதும். எட்வேட் தன் முன்மொழிவைத் திரும்பப் பெற்றுக்கொண்டான். எல்லாக் கையும் எழும்பியது. செலீனின் கையும்தான், வலது கை எழும்பியபோது இடது கை இன்னும் மேசையைப் பிடித்திருந்தது.

மறு ஞாயிறு இலக்கத்தை அழுத்தினோம். பதிவுசெய்த ஒரு பெண் குரல், இலக்கம் பாவனையில் இல்லை என்று மூன்று மொழியில் சொன்னது. இந்த இடத்தை நான் மிகைப்படுத்தப்போவதில்லை. கொத்துக் கடைக்காரன் தகரத்தைத் தட்டிக்கொண்டேயிருந்தான்.

ஒட்டாவாவுக்கு எட்வேட்டின் வான் வண்டியில் போனோம். சச்சிதானந்தன் எல்லா ஊர்களையும் சொல்லி முடித்த பிறகு, ஒவ்வொரு குடும்பமாகக் கூப்பிட்டார்கள். செலீனுக்கு மொழிபெயர்க்க நான் உள்ளே போனேன். மேசைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரப் பெண், நல்ல முகம், அன்றைக்கு எத்தனையோ பேரைக் கேட்டுக் களைத்த முகம்.

உங்கள் கணவர் இறந்துவிட்டாரா என்று மெதுவாகக் கேட்டாள்.

"இல்லை," என்றாள் செலீன்.

அப்படியென்றால் காணாமல் போனவர்?

செலீன் என்னைப் பார்க்கவில்லை. "அதுவுமில்லை எண்டு சொல்லுங்கோ, அண்ணை. அவர் பதவியில இருக்கிறார்."

அந்தப் பெண் விளங்காமல் என்னைப் பார்த்தாள். நான் விளக்கினேன்: சங்கம், யாப்பு, ஏழாம் பிரிவு, இறந்தாலோ விலகினாலோ அன்றி. என் வாழ்க்கையில் மிகச் சுருக்கமாகப் பேசியது அன்றைக்குத்தான். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பேனாவை எடுத்து, அப்படியானால் தலைவரின் முழுப்பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னாள்.

செலீன் தானே சொன்னாள். நீளமான பெயர். ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பாதியில் ஒருமுறை மூச்சு வாங்கினாள். கடைசி எழுத்தைச் சொல்லி முடிக்க மனமில்லாமல் நிறுத்திக்கொண்டாள். அந்தப் பெண்ணும் பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் காத்திருந்தாள்.